அஞ்சாவது தகடு

—காலை இழுக்காதக்கா. பசை இன்னும் காயல.

—நான் கேட்டது என்ன, நீ மாட்டிவிடுறது என்ன? என் கல்யாணத்துக்குத் தட்டையா ஒரு செருப்பு, காகிதம் மாதிரி இருக்கணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்.

—உன்னோடது அப்புறம். இது கஸ்டமர் ஆர்டர். போட்டுக்கப்போறவங்க காலும் உன் காலும் ஒரே அளவு. கடை ஆரம்பிச்ச நாள்லேருந்து உன் காலை வச்சுத்தானே எல்லாத்தையும் சரிபாக்கறேன். பேசாம குடு.

—நாளன்னைக்குக் கல்யாணம். செருப்புக்காரியோட அக்கா வெறுங்காலோட நிக்கப்போறா, ஊரே பாக்கப்போகுது. அது சரி, இதென்னடி முன்னாடி மூணு நகம்?

—டைனோசர். பயப்படாத, ரப்பர்தான்.

—நானா பயப்படுறேன்? மியூசியத்துல அதோட எலும்பைத் தூசி தட்டித்தானே எனக்குச் சம்பளம். பாதி நாள் அதுங்களோடதான் குடித்தனம்.

—அதான் உன்கிட்ட காட்டறேன். சரியா வந்திருக்கா?

—முன்னாடி மூணு விரல். இது வேட்டையாடுற ஜாதி. பின்னாடி ஹீல் மேல வரிசையா முதுகுத் தகடு. அது இலைதழை தின்னுட்டுத் தேமேன்னு கிடக்கிற ஜாதி. ரெண்டு அடி நடக்கறதுக்குள்ள முன்னாடி இருக்கறது பின்னாடி இருக்கறதைத் தின்னு தீத்துடும்.

—ரெண்டும் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. நான் என்ன பண்ண?

—எந்த மகராசி இதைப் போட்டுக்கிட்டு வெளிய வரப்போறா?

—நல்ல பொம்பளைதான். வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. எழுந்து நில்லு.

—நான் மாட்டேன். ஹீல் போட்டா விழுந்துடுவேன்.

—உன் டைனோசர் குதிகாலை ஊன்றியா நடந்துச்சு?

—இல்ல. விரல்லதான் நடக்கும். குதிகால் எப்பவும் தரைக்கு மேலதான் இருக்கும்.

—அப்ப அதுங்க எல்லாமே ஹீல்ஸ் போட்டுத்தான் திரிஞ்சிருக்கு. நில்லு.

—உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா. இரு, சுவத்தைப் பிடிச்சுக்கறேன். அடிப்பாவி, அலமாரி மேல இவ்வளவு தூசியா?

—எனக்கெங்க தெரியப்போகுது, உன் உசரத்துக்குத்தான் தெரியும். ஏன்க்கா குனியற? நிமிர்ந்து நில்லு. அப்படித்தான். கண்ணாடியைப் பாரு.

—ம். நல்லாத்தான் இருக்கு. போட்டுக்கப்போறவ குடுத்து வச்சவ. எனக்கு இதெல்லாம் ஆகாதுடி.

—ஏன் ஆகாது?

—அவர் ஏற்கெனவே என் காது வரைக்கும்தான். நிச்சயதார்த்தத்துல எடுத்த போட்டோவுல முழங்காலை மடக்கிக்கிட்டு நின்னேன். அப்பவும் அத்தை என்ன சொன்னாங்க? ஏணிக்கும் ஸ்டூலுக்கும் ஜோடின்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. என்னால அவரைப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது. அதுக்குத்தான் தட்டைச் செருப்பு.

—அவர்கிட்ட கேட்டியா?

—இதைப் போய் எப்படிக் கேக்கறது? போடி.

—சரி, உக்காரு. தகடு எதுவும் ஆடலையே, தொட்டுப் பாரு.

—இடமும் வலமுமா மாத்தி மாத்தி வச்சிருக்க. பரவாயில்லையே, எல்லாரும் ஜோடி ஜோடியா ஒட்டிவச்சுடுவாங்க. ஆனா இந்த அஞ்சாவது தகட்டைப் பாரு, முனை கோணலா இருக்கு. என்னடி, உன் வேலை இப்படி இருக்காதே.

—கோணலாத்தான் வேணும்னாங்க. அஞ்சாவது தகடு, முனை மட்டும் இடப்பக்கம் சாயணும்னு படமே போட்டுக் காட்டினாங்க. என்னக்கா, அதையே தடவிக்கிட்டிருக்க?

—எங்க மியூசியத்துல இருக்கறதுக்கும் அஞ்சாவது கோணல்தான்.

—அப்படியா.

—துடைக்கும்போது என் கை பட்டு முனை உடைஞ்சு எங்கேயோ ஓடிடுச்சு. அழுகையே வந்துடுச்சு. ஏணியில நின்னு லைட் மாட்டிக்கிட்டிருந்தவர் இறங்கி வந்து, தரையில படுத்து டார்ச் அடிச்சுத் தேடிக் குடுத்தார். அவசரத்துல நான் ஒட்டினது சாஞ்சுபோச்சு. எங்க ரெண்டு பேரைத் தவிர இன்னிக்கு வரைக்கும் அது யாருக்கும் தெரியாது.

—அந்த லைட் மாட்டினவரைத்தானே நாளன்னைக்குக் கட்டிக்கப்போற?

—ஏய். இந்தச் செருப்பை யாரு செய்யச் சொன்னா?

—சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.

—என் உசரம் தெரிஞ்சுமா இப்படி ஒரு ஹீல்? அதையாவது நீயா வச்சியா, சொல்லு.

—நான் சின்னதாத்தான் வச்சேன். பத்தாதுன்னு திருப்பிக் குடுத்துட்டார். தினமும் லைட்டை அண்ணாந்து பாத்தே பழகின கழுத்தாம், அதுக்கு ஒண்ணும் ஆகாதாம்; பக்கத்துல நீ குனிஞ்சு நிக்கறதைப் பாத்தாத்தான் அவருக்கு வலிக்குதாம்.