பாய்மரப் படகும் பூட்டிய மடையும்

அவைத் தலைவர், இந்தப் படகின் உரிமையாளர், பஞ்சாலை அதிபர் பொன்னுராஜ் அவர்களே! இராசபாளையத்திலிருந்து மகிழுந்துகளில் வந்து முன்வரிசையை நிரப்பியிருக்கும் பெருமக்களே! சுந்தரபாண்டியத்திலிருந்து நடந்தே வந்து, நாற்காலி இல்லாமல் கண்மாய்க் கரையில் குந்தியிருக்கும் உழவர் பெருங்குடியினரே! முந்தானையால் வெயிலை மறைத்து நிற்கும் தாய்மார்களே! தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

படகைப் புகழ அழைத்தார்கள். புகழ்கிறேன், குறை வைக்க மாட்டேன்.

இன்று காலை தலைவரே என் கைப்பிடித்துப் படகைச் சுற்றிக் காட்டினார். பந்தயப் படகின் விரைவும் வேண்டும், பல நாள் தங்க வீட்டின் வசதியும் வேண்டும். இரண்டையும் ஒரே உடலில் இணைத்த படகு இது. விலாவைத் தட்டினேன். கண்ணாடி இழைக்கு நடுவே நெட்டிபோல் எடையற்ற மரம். கல்லைப்போல் உறுதி, இலவம் பஞ்சைப்போல் இலேசு! பனையை மிஞ்சும் பாய்மரம். பெரும்பாய் ஒன்று, முன்பாய் ஒன்று. கயிறுகள் அத்தனையும் சுக்கான் இருக்கைக்கே வந்துவிடுகின்றன. ஒற்றை ஆள் உட்கார்ந்தபடியே காற்றை ஆளலாம்.

என்ன ஐயா பின்னால்? கண்மாய்க்குக் கப்பல் எதற்கு என்கிறீர்களா? வெள்ளோட்டத்துக்கு. தூத்துக்குடிக் கடலுக்குப் போகுமுன், விலைக்கு வாங்குவோர் அடுத்த வாரம் வந்து இங்கே பார்ப்பார்களாம்.

உள்ளே இறங்கினேன். பஞ்சணைப் படுக்கைகள், மடக்கு மேசை, நன்னீர்த் தொட்டி. தண்ணீரில் மிதக்கும் படகுக்குள்ளும் தண்ணீர்த் தொட்டி, தாய்மார்களே! ஓர் அடுப்பைக் கண்டேன். ஊஞ்சல்போல் தொங்குகிறது. புயலில் படகு சாயும், பாய்மரம் சாயும். அந்த அடுப்பு சாயாது. உலைநீர் ஒரு சொட்டுச் சிந்தாது. எவ்வளவு கருணை! எவ்வளவு கணக்கு! யாருடைய உலைக்கு?

இத்தனை பெரிய பாய் காற்றை வாங்கினால் படகு கவிழாதா என்று தலைவரிடம் கேட்டேன். சிரித்தார். அடியிலே மீனின் துடுப்புபோல் ஓர் இரும்புத் தகடு நீருக்குள் நிற்கிறது, எவ்வளவு சாய்ந்தாலும் அதன் எடை நிமிர்த்திவிடும் என்றார். எவ்வளவு ஆழம் என்றேன். ஆள் உயரம் என்றார். கண்மாய் நீர் அதற்குக் கீழே இறங்கினால்? இரும்பு சேற்றில் குத்தும், படகு விழும் என்றார். அதனால்தான் மடையைப் பூட்டச் சொன்னேன் என்றார். அவர் ஒளிக்கவில்லை, அவையோரே. பாயின் அழகைச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

கரைக்கு வந்தேன். வயல்களுக்கு மடை திறந்துவிடும் சீனிச்சாமி வெறுங்கையோடு நின்றார். கப்பல் தரை தட்டிவிடும் என்று தலைவரே சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம். அருகே நின்றார் மாரியாத்தாள். இதோ, தாய்மார்களுக்கு முன்னால் நிற்கிறாரே, அந்தத் தாய்தான். சொன்னார்:

"அய்யா, நெல்லு பொதி கட்டி, கதிரு வெளிய வார நேரத்துல நிக்கி. இந்த வாரம் தண்ணி பாயலன்னா அம்புட்டும் பதருதான். அவிய காத்த வேணும்னா எடுத்துக்கிடட்டும். தண்ணிய விடச் சொல்லுங்க."

கேட்டீர்களா? காற்றையே தானமாகக் கொடுத்துவிட்டார்! இதற்குமேல் எதைக் கேட்கிறீர்கள்?

துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. சுருக்கமாக முடிக்க வேண்டுமாம். முடிக்கிறேன்.

சாய்ந்தால் நிமிர்த்தும் இரும்பைப் படகுக்கு வைத்தீர்கள். சாய்கிற பயிருக்கு எதை வைத்தீர்கள்? படகு கரையேறினால் மீண்டும் மிதக்கும். பதரான கதிர் மீண்டும் பால் பிடிக்குமா? விலைக்கு வருகிறவர்கள் கடற்கரையில் நின்று பார்க்கட்டும். கடல் வற்றாது. கடலுக்கு மடை கிடையாது.

தலைவர் அவர்களே, உங்கள் இருக்கைக்கு அருகே எனக்காகப் பொன்னாடை மடித்து வைத்திருக்கிறது. அது வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் மடைச்சாவி இருக்கிறது. அதை, உங்கள் கையாலேயே, இந்த மேடையிலேயே, மாரியாத்தாள் கையில் கொடுங்கள். அம்மா, மேலே வாருங்கள். படியைப் பார்த்து ஏறுங்கள்.

அதுவரை ஒலிவாங்கியை விட்டு நான் அகலப் போவதில்லை.

எல்லோருக்கும் என் வணக்கம். நன்றியை மட்டும் நிறுத்தி வைக்கிறேன். மடையில் தண்ணீர் இரையும் ஒலி கேட்டதும் சொல்கிறேன்.