செவ்வாய்க்கிழமை நான்கு மணி

பிப்ரவரி மாதம் புவெனஸ் அயர்ஸில் யாருக்கும் புத்தி பேதலிக்கக் கூடாது. மனநல மருத்துவர்கள் நாங்கள் அத்தனை பேரும் கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போய்விடுவோம். ஊரே தன் கவலைகளை மடியில் கட்டிக்கொண்டு மார்ச் வரை காத்திருக்கும். என்னை விசாரிக்கும் குழுவில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாததல்ல; நீங்களும் பக்கத்துக் குடையடியில்தான் படுத்திருந்தீர்கள்.

எவரிஸ்தோ பதினொரு வருடமாகச் செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு என் சோபாவில் படுத்து மனதைக் கொட்டிவந்த நோயாளி. அந்த மார்ச்சில் வந்தவர் படுக்கவில்லை, உட்கார்ந்தார்.

"நீங்க இல்லாத ஒரு மாசமும் நல்லாத் தூங்கினேன் டாக்டர். இனிமே வர வேண்டாம்னு தோணுது."

அந்த ஒரு மாதமும் நான் கண்ணை மூடவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. குணமாகிவிட்டேன் என்று நோயாளி சொன்னால் எங்கள் தொழிலில் யாரும் நம்புவதும் இல்லை. பேசுவது மேல்மனம், ஆழ்மனம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம் என்றேன். பாவம், படுத்துவிட்டார்.

அவருடைய அண்ணன் நெலோ எட்டு வயதில் ஆற்றில் மூழ்கி இறந்தவன். எவரிஸ்தோவுக்கு அப்போது ஆறு வயது. அன்று படகுத்துறையில் உங்கள் கை எங்கே இருந்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். மறு வாரமும் கேட்டேன். ஜூன் மாதத்துக்குள், அண்ணனின் ஈர முதுகைத் தன் உள்ளங்கை தள்ளியதை அவரே எனக்கு விவரித்தார். நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. "ம்" கொட்டியதோடு சரி.

தாயிடம் போய் அழுதிருக்கிறார். அவள் சொன்னதை அப்படியே வந்து என்னிடம் ஒப்பித்தார்.

"உனக்கு அன்னிக்குத் தட்டம்மைடா. கட்டிலை விட்டு நீ எந்திரிக்கவே இல்ல. பக்கத்துலயே நான் உக்காந்திருந்தேன்."

இவ்வளவு அடித்துச் சொல்கிறாள் என்றால் எதையோ மறைக்கிறாள் என்று விளக்கினேன். எங்கள் படிப்பில் மறுப்பும் ஒப்புதல்தான். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே நீங்கள். அவர் தாயோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆகஸ்டில் அவள் இறந்தபோது அடக்கத்துக்கும் போகவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. நான்கு மணிக்கு என் சோபாவில் படுத்திருந்தார்.

தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று கேட்கிறீர்கள். ஆழ்மனத்தின் தலையில் போட்டுவிடலாம், அது எதிர்த்துப் பேசாது. ஆனால் முதல் வருடக் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது: "அண்ணன் இறந்த அன்று இவருக்குத் தட்டம்மை, படுக்கையில்." அந்தத் தாளை மார்ச் மாதமே கிழித்து, மாத்தே தேநீர் குடித்த சக்கையோடு குப்பையில் போட்டேன்.

எல்லாம் அவருடைய நன்மைக்காகத்தான். இப்போது வாரத்தில் நான்கு நாள் வருகிறார். நானும் நன்றாகத் தூங்குகிறேன்.