தோன் நிக்கனோரின் பெட்டி

“சிலியிலேயே சொந்த வாயால பேசுற நடிகன் ஒருத்தன்தான். அது நான்தான்.”

எலெயுத்தேரியோ பராவோனா இதைச் சொன்னபோது இரவு பதினொன்றே கால். வால்பரைசோ துறைமுகத்துக்கு இறங்கும் படிக்கட்டுத் தெரு. கடல்பனி... ஆள் அரவமே இல்லை. கூட நடந்து இதைக் கேட்டவர் நம் எர்னானின் மாமா அபெலார்தோ. தியேட்டரில் பியானோக்காரர். பொய் சொல்லத் தெரியாதவர். பியானோவும் சுமாராகத்தான் தெரியும்.

எர்னான், அந்த மெழுகுவத்தியை இந்தப் பக்கம் தள்ளி வை.

அப்போது நாடகக் கம்பெனி வாரம் ஒரு புது நாடகம் போடும். எந்த நடிகர் மனப்பாடம் செய்வார்? மேடையின் முன்விளிம்பில் கூண்டு மாதிரி ஒரு பெட்டி. ஓர் ஆள் உட்கார்ந்தால் பிறகு ஈ நுழைய இடமில்லை. அதற்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு, கையில் மெழுகுவத்தியோடு தோன் நிக்கனோர். வாயில் எப்போதும் புதினா மிட்டாய். நடிகருக்கு அரை மூச்சு முன்னால் ஒவ்வொரு வரியையும் கிசுகிசுப்பார்.

பராவோனாவுக்கு இருபத்திரண்டு வருஷம் எடுத்துக் கொடுத்தார். கல்யாணத்தில் பாதிரியார் கேட்டதற்கு ‘சம்மதம்’ என்று எடுத்துக் கொடுத்ததும் அவர்தானாம். மணப்பெண்ணுக்கே அது கேட்டதாம்.

“நீ இல்லாம எங்கயும் நடிக்க மாட்டேன், நிக்கனோர்.” பராவோனா கொடுத்த வாக்கு. அதை மட்டும் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பிறகு அவர்கள் மேடையில் போட்ட ஒரு கொலை நாடகம் பேசாப் படமானது. கொன்றவன் வாய் திறக்கமாட்டான். அவனை நம்பிய நண்பன்மேல் பழி விழும். தூக்குக்கு முன், கடைசி நிமிஷத்தில், கொன்றவன் நீதிபதியிடம் ஒப்புக்கொள்வான். பராவோனாவுக்குப் பேர் வாங்கித் தந்த இடமே அதுதான்.

படப்பிடிப்பின் முதல் நாள் தோன் நிக்கனோர் வசனப் புத்தகத்தோடும் மெழுகுவத்தியோடும் வந்து நின்றார். பராவோனா எல்லோர் முன்னாலும் சொன்னார்:

“கேமராவுக்குக் காது இல்லய்யா. நீ போய் எலிங்களுக்கு எடுத்துக் குடு.”

எல்லோரும் சிரித்தார்கள். நடிகைக்கு அழுகை வருவதற்காக அங்கே பியானோவுக்குப் பதில் வயலின் வாசித்துக்கொண்டிருந்த மாமாவும் சிரித்தார். நிக்கனோர் மெழுகுவத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜூலைக் குளிரில் நிக்கனோருக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூன்று தடவை ஆள் அனுப்பினார். பராவோனா போகவில்லை. அடக்கத்தன்று தொப்பிக்கடையில் தலைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்.

படம் வெளியானது அதே தியேட்டரில். பெட்டியை யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பின்னால் திரை. மாமாவின் பியானோ ஒரு முழம் தள்ளி. ஒப்புக்கொள்ளும் காட்சி வந்தது. படப்பிடிப்பில் பராவோனா நீதிபதியை நேராகப் பார்த்துத்தான் பேசினார். மாமா கண்ணால் கண்டது.

திரையில்... வாயைத் திறந்தார். நின்றார். கண்கள் மெல்லக் கீழே இறங்கின... பெட்டிக்கு.

காத்திருந்தார்.

படம் ஓட்டுபவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டேதான் இருந்தார். டர்ர்ர்... நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பேச்சை எழுத்தில் காட்டும் வசன அட்டை வரவில்லை. நண்பனை இழுத்துப்போய்த் தூக்கில் போட்டார்கள். கதையில் அப்படி இல்லவே இல்லை.

“மறந்துட்டான்டா!” மாடியிலிருந்து சீழ்க்கை.

மறுநாளும் அதேதான். ஜனங்கள் அழுகிய உருளைக்கிழங்கோடு வந்திருந்தார்கள். இன்னும் ஒரு ராத்திரி இப்படி ஆனால் படமும் இல்லை, பராவோனாவுக்கு இனி வேஷமும் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மூன்றாம் இரவு. திரையில் கண்கள் கீழே இறங்கின. மாமாவின் விரல் தடுமாறியது... புதினா வாசனை. அப்போதுதான் அணைத்த மெழுகுவத்தியின் புகை.

பெட்டிக்குள்ளிருந்து கிசுகிசுப்பு.

“கொன்றது நான். அவன் என்னை நம்பினான்.”

திரையில் பராவோனாவின் முகம் தெளிந்தது. உதடு அசைந்தது. அட்டை வந்தது. தியேட்டரே எழுந்து கைதட்டியது.

மாமா ஒரு கையால் வாசித்தபடி குனிந்து பார்த்தார். உள்ளே பராவோனா. முழங்காலை மடக்கி, புதுத் தொப்பி கூரையில் நசுங்க, கையில் அணைந்த மெழுகுவத்தியோடு. புத்தகம் இல்லை. கண்களை இறுக மூடியிருந்தார். அடுத்த வரிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

வந்தது. வேறு குரலில், அரை மூச்சு முன்னால்.

பராவோனா தலையை ஆட்டிக்கொண்டு, அதை அப்படியே திருப்பிச் சொன்னார்.