மாமாவுக்கு வந்த காது மெஷின்

ஹலோ... ஹலோ... ஆமா, கேக்குது. ஆமா, ஆமா, கேக்குது, சொல்லுங்க... இல்ல, ஒண்ணும் இல்ல. வெளிய போயிட்டு இப்பதான் வந்து இருந்தேன். நல்ல வெயிலு... நீங்க சாப்பிட்டியளா?... இன்னைக்கும் அந்தக் குபூஸ் ரொட்டிதானா... ம்.

வந்துது, வந்துது. செவ்வாக்கிழமையே வந்துது... சின்னதுதான். தீப்பெட்டி அளவுல ஒரு பெட்டி, அதுல ஒரு வயரு, வயருக்க நுனியில காதுல சொருகுற மாதிரி ஒண்ணு. பெட்டிய சட்டப் பையில போட்டுக்கணும். ஓரத்துல ஒரு சக்கரம் இருக்கு, திருப்புனா சத்தம் கூடும்... பின்ன, பாக்காம இருப்பேனா? மாமாக்குக் குடுக்கதுக்கு முன்ன எனக்க காதுல வச்சுப் பாத்தேன். அடுத்த வீட்டுச் சேவலு எனக்க மண்டைக்குள்ள நின்னு கூவுன மாதிரி இருந்துது.

கொள்ளாமா, நல்லா இருக்கான்னா... கேளுங்க. நான் சொல்லுகேன், கேளுங்க... இல்ல, வேற ஆர்டர் போடாதீங்க. நிறுத்துங்க... ஏங்க, வேண்டாம். ஒங்களக் கையெடுத்துக் கும்புடுகேன், இனி ஒரு பெட்டி இந்த வீட்டுக்கு வரப்படாது.

பின்ன என்ன? முதல்ல அனுப்புனியளே, காதுக்குப் பொறத்த மாட்டுற ஒண்ணு... ஆமா, அதான். சும்மா இருக்கும்பமே விசிலடிக்கும். குக்கருன்னு நெனச்சு எத்தன தடவ நான் அடுப்ப அணைக்க ஓடிருப்பேன். பொறவு டிவி பாக்கதுக்குன்னு அந்தப் பெரிய ஹெட்செட்டு. அத மாட்டிட்டு இருந்தா ஒங்க அப்பா ஹெல்மெட்டுப் போட்டுட்டு வீட்டுக்குள்ள இருக்க மாதிரி... சிரிக்காதீங்க. காது வேத்து வேத்து சொறி வந்து, அதுக்கு மருந்து போட்டது நான். அதுக்க பொறவு புளூடூத் ஸ்பீக்கரு. 'அப்பா, வயித்தால ஒழுங்கா போவுதா'ன்னு நீங்க போன்ல கேட்டது, கோயிலுக்கு முன்ன நின்ன பங்குச்சாமியாருக்கே கேட்டுது. மாமாக்கு மட்டும் கேக்கல்ல.

தெரியும்... எனக்குத் தெரியும், நீங்க ஆசையாத்தான் அனுப்புறிய. ரூம்ல கெடந்து அந்தப் போனத் தேச்சுத் தேச்சு, எங்க எது மலிவா கெடைக்கும்னு... குத்திக் காட்டல்ல. குத்திக் காட்டல்லன்னு சொல்லுகேன்லா. எனக்குக் களைச்சுப் போச்சு, அவ்வளவுதான். ஒவ்வொண்ணுக்கும் நான்லா சார்ஜ் போடணும். நான்லா மாட்டி விடணும். 'கேக்குதா மாமா, கேக்குதா மாமா'ன்னு கத்திக் கத்தித் தொண்ட போறது எனக்குல்லா. பொறவு அதத் திரும்பப் பெட்டியில வச்சு, டேப் ஒட்டி, எடுக்க வாரவன் எப்ப வருவான்னு வாசலப் பாத்துட்டு நிக்கணும்...

இல்ல. இது அப்பிடி இல்ல. இது வேல செய்யுது... ஆமா. கேக்குது. நல்லாவே கேக்குது.

சந்தோசப்படாதீங்க. முழுசும் கேளுங்க.

வியாழக்கிழம சாயங்காலம் கூப்புட்டியல்லா? நான் மீன் வெட்டிட்டு இருந்தேன், கையெல்லாம் செதிலு. அதுனால போன ஸ்பீக்கர்ல போட்டு ஜன்னல்ல சாச்சு வச்சேன்... ஆமா, அந்தப் பேச்சுதான். கம்பெனிய பூட்டியாச்சு, விசா முடியப் போவுது, அப்பா காதுல மட்டும் விழப்படாதுன்னு நீங்க சொன்னிய... மாமா முன்ரூம்ல இருந்தாவ. அந்தப் பெட்டி சட்டப் பையில, வயரு காதுல. காலையிலயே மாட்டி விட்டிருந்தேன். 'ஒரே இரைச்சலா இருக்கு'ன்னாவ. சரி, பழகட்டும்னு விட்டுட்டு நான் எனக்க பாட்டுக்கு வேலையப் பாத்தேன். சக்கரத்த அவியளே திருப்பிக் கூட்டி வச்சிருக்காவ. எனக்கு அது ஓர்மையே இல்ல. இத்தன வருசமா அவிய முன்ன வச்சே எல்லாத்தையும் பேசிப் பேசிப் பழகிட்டோம்லா...

மாதாவேன்னா... இப்ப மாதாவக் கூப்புட்டு என்ன செய்ய? எனக்கும் அன்னைக்குத் தெரியாது. மீனக் கழுவிட்டு வந்தா, பெட்டியக் கழத்தி மேச மேல வச்சிருக்காவ. 'இதும் கொள்ளாது ஜெஸ்பினே, திருப்பி அனுப்பிரு'ன்னாவ. மொகத்துல ஒண்ணும் இல்ல. சவம், இதும் போச்சுன்னு நானும் டேப் ஒட்டி வச்சுட்டேன். சோறுதான் சரியா திங்கல்ல. சூட்டுக்குன்னு நெனச்சேன்.

எப்பிடித் தெரிஞ்சுதா?... இன்னைக்குத் தெரிஞ்சுது. காலையில பூசைக்குப் போறேன்னு போனாவ. பூசை முடிஞ்சு எல்லாரும் வந்தாச்சு, மாமாவ மட்டும் காணல்ல. அப்ப லிஜின் போன் பண்ணுகான்... அவன்தான், ஹார்பர்ல சொந்தமா மீன்பிடிப் போட்டு வச்சிருக்கானே, அந்த லிஜின். 'அக்கா, மாமா இங்க வந்து நிக்காரு, என்னையும் கடலுக்குக் கொண்டு போன்னு கேக்காரு'ங்கான்... கேட்டியளா? அந்த வலிக்க முட்டுக்கால வச்சுட்டு...

இல்ல, இல்ல, போவல்ல! பதறாதீங்க. போவல்ல, வீட்லதான் இருக்காவ. உள்ள கெடக்காவ... ஒண்ணும் ஆவல்ல. அடி ஒண்ணும் இல்ல. நீங்க முதல்ல இருங்க. இருந்தியளா?... ம்.

அதுக்கில்ல நான் பதறி வெப்ராளப்பட்டது. லிஜின் போன்ல இன்னொண்ணு கேட்டான். 'ஸ்டெனி அண்ணனுக்கு அங்க வேல போச்சாமே, உள்ளதா அக்கா?' ஒங்களுக்கும் எனக்கும் தவிர இந்த ஊர்ல ஆருக்குத் தெரியும்?... நான் ஆருட்டயும் சொல்லல்ல. எனக்க அம்மைட்டகூட சொல்லல்ல... 'ஆரு சொன்னா'ன்னு கேட்டேன். 'மாமாதான் சொன்னாரு'ங்கான்.

ஆட்டோ பிடிச்சு ஓடுனேன். லிஜின் என்ன சொன்னான்னா... அவனத் திட்டாதீங்க, அவன் நல்லபடியாத்தான் பேசிருக்கான். 'மாமா, ஒங்களுக்குக் காது கேக்காதுல்லா. கடல்ல வச்சு ஒருத்தன் கயித்த விடுன்னு கத்துனா ஒங்களுக்குக் கேக்கணும், இல்லன்னா ஆளோட இழுத்துட்டுப் போவும்'னு சொல்லிருக்கான். நியாயம்தானே. அதுக்கு மாமா என்ன செஞ்சாவ தெரியுமா?... சட்டப் பையில கைய விட்டு அந்தப் பெட்டிய எடுத்துருக்காவ. நான் ஒட்டி வச்ச டேப்பப் பிரிச்சு, எடுத்துட்டுப் போயிருக்காவ. வயர அவியளே காதுல சொருகிட்டு, 'இப்ப கேக்கும் மக்கா. மெல்ல சொல்லிப் பாரு'ன்னு...

...

ஹலோ?... இருக்கியளா?... ம்.

நான் போவும்ப, குமிச்சுப் போட்ட வலைக்க மேல இருக்காவ. ரெண்டு கையாலயும் மண்டையப் பிடிச்சுட்டு இருக்காவ. அங்க ஐஸ் ஒடைக்குற சத்தம், ஏலக்காரன் சத்தம், லாரி ஹாரன். எல்லாம் ஒண்ணா அந்தப் பெட்டிக்குள்ள போவுது. அதுக்கு ஆளு பேசுனதும் ஒண்ணுதான், காக்கா கத்துனதும் ஒண்ணுதான்லா, எல்லாத்தையும் கூட்டித்தான் குடுக்கும். மொகமெல்லாம் செவந்து, கண்ணுல வெள்ளம் வருது. கழத்துங்க மாமான்னேன். மாட்டேன்னுட்டாவ. 'லிஜின் விளிச்சாக் கேக்கணும்லா'ன்னாவ.

எனக்கு எங்க இருந்துதான் கோவம் வந்துதோ. அத்தன ஆளுவளுக்கு முன்ன வச்சு சத்தம் போட்டுட்டேன். 'ஒங்களுக்கு என்னவாவது ஆனா ஒங்க மவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்'னு கத்துனேன்... ஆமா, கத்துனேன். மீன் வாங்க வந்த பொம்பளையளெல்லாம் திரும்பிப் பாத்தாவ. மாமா தலைய நிமுத்தி என்னப் பாத்து, 'கத்தாத பிள்ள, கேக்குது'ன்னாவ.

... கல்யாணம் கழிஞ்சு வந்த நாள்ல இருந்து அவியட்டக் கத்தித்தான பேசுகேன். இத்தன நாளும் ஒருக்ககூட அப்பிடிச் சொன்னது இல்ல.

ஆட்டோல வரும்ப பேசுனோம். நான் மெல்லத்தான் பேசுனேன்... சண்டையெல்லாம் இல்ல. ஒங்களத் திட்டல்ல. முதல்ல கேட்டது என்ன தெரியுமா? 'அவன் அங்க ஒழுங்காத் திங்குகானா?'... ஆமா, அதான் கேட்டாவ. திங்குகாவன்னு சொன்னேன். நான் வேற என்ன சொல்ல? பாலத்துக்கிட்ட வந்ததும் சொன்னாவ, 'செவிடனா இருந்தா என்ன, எனக்க மவனுக்க வெசனம் எனக்குத் தெரியப்படாதா'ன்னு. வீடு வார வர வெளியப் பாத்துட்டே வந்தாவ.

இல்ல, நான் சொன்னது ஒங்களக் குத்தம் சொல்லுறதுக்கு இல்ல. நானும்லா சேந்து மறச்சேன்... வேற கம்பெனி பாருங்க, பாக்காண்டாம்னு ஆரு சொன்னா? கெடைச்சா நல்லது. கெடைக்கல்லன்னா வாங்க. இங்க ஆரும் ஒங்கள ஒண்ணும் சொல்லப் போறது இல்ல... சொன்னா சொல்லிட்டுப் போட்டும். லிஜினுக்குத் தெரிஞ்சாச்சு, இனி ஊருக்கே தெரியும். ஒரு பாரம் கொறஞ்சுது.

மாமாக்க காதா?... அதும் யோசிச்சு வச்சிருக்கேன். திங்கக்கிழம மாமாவ மார்த்தாண்டத்துக்குக் காது டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்... எனக்குத் தெரியும், நல்ல மெஷினுக்கு வெல கூடும்னு. மொதல்ல என்னன்னு பாக்கட்டும். நாம மெஷின் மெஷினாச் சோதிச்சுப் பாத்தோம், அந்தக் காத ஒரு நாளும் சோதிக்கல்ல பாத்தியளா. கடல்ல எஞ்சின் சத்தத்துல போன காதுன்னு நாமளே முடிவு கட்டிட்டோம். வெறும் அழுக்கு அடைச்சிருந்தாக்கூட நமக்குத் தெரியாது... ஆமா. அதுவர இந்தப் பெட்டி இருக்கட்டும். திருப்பி அனுப்பல்ல.

இப்ப நீங்க பேசுங்க... அவியட்டதான், பின்ன ஆருட்ட?... நாளைக்கு இல்ல. இப்ப. நாளைக்குன்னா நீங்க இன்னொரு பெட்டி அனுப்புவிய... ஸ்பீக்கர்ல போட மாட்டேன். போன அந்தப் பெட்டிக்கிட்ட கொண்டு வைக்கேன், அதுல சின்ன ஓட்ட ஒண்ணு இருக்கு, அதுவழியாக் கேக்கும். நானும் கேக்க மாட்டேன். நீங்களும் ஒங்க அப்பாவும் பேசுங்க... என்ன சொல்லணும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? கத்த வேண்டாம், சாதாரணமாச் சொன்னாப் போதும்...

ஏங்க... அழுவாதீங்க. அதும் அவியளுக்குக் கேக்கும்.

இருங்க, கட் பண்ணாதீங்க. போறேன், உள்ள போறேன்... மாமா. மாமா, தல வலி கொறஞ்சுதா?... ஒங்க மவன்... ஆமா, அவியதான். எழும்ப வேண்டாம், அப்பிடியே கெடங்க. வயர மட்டும் வச்சுக்கங்க. நான் போனப் பிடிச்சுக்குறேன்... கூட்டவா?... போதுமா? சரி... பேசுங்க.

...

...

ம்... அந்தக் கைய எடுங்க மாமா, ஓட்ட அடைக்குது... ஆ, இப்ப பேசுங்க.

...

ஹலோ?... ஹலோ... கட் ஆயிட்டு மாமா. அங்க நெட்டு போயிருக்கும்... நான் ஒண்ணும் தொடல்ல... விளிப்பாவ, திரும்ப விளிப்பாவ.

என்ன சொன்னாவ மாமா?... இல்ல, எனக்கு ஒண்ணும் கேக்கல்ல, ஒங்களுக்குத்தான் கேட்டுது. சொல்லுங்க... வரேன்னா சொன்னாவ?

... எப்பம்?