மறுமுனையில் மச்சான்

நள்ளிரவு தாண்டிவிட்டது. கடைசி ஸ்டேஷனில் எல்லாரும் இறங்கிப் போயாகிவிட்டது. அதற்கு அப்பால் ஒரு சுரங்கம்... வண்டி உள்ளே போய் நின்று, திசை மாறித் திரும்பி வருகிற இடம். பயணிகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஈரச் சுவர். துருவும் கிரீஸும் கலந்த வாடை. எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

கதை கேட்க உட்கார்ந்திருக்கிறீர்களே, முதலில் அந்தக் கதவைச் சாத்துங்கள். கரண்ட் வரும்போது வரட்டும்.

இது வேறு யாருக்கோ நடந்ததில்லை. மூலையில் போர்வைக்குள் முடங்கிக் கிடக்கிறாரே நம் கணக்கர், அவருடைய சித்தப்பாவுக்கு நடந்தது. நான் எங்காவது பிசகினால் அவரே திருத்தட்டும்.

சித்தப்பா மெட்ரோ டிரைவர். வேலையிடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'நிதானம்'. வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்று கேலி செய்வார்கள். அவருடைய ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நீங்கள் ஒரு டீ குடித்துவிடலாம். சித்தியின் தம்பியையும் அவர்தான் அதே வேலையில் சேர்த்துவிட்டார். அக்கா வீட்டிலேயே தங்கியிருந்த அந்த மச்சானுக்கு எப்போதும் கழுத்துவலி. பக்கத்தில் வந்தாலே தைல வாசனை. வீட்டுக்கு வந்ததும் கேபின் சாவியை வாசல் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்டுவார். பிறகுதான் முகம் கழுவப் போவார்.

அந்த வண்டிக்கு இரண்டு பக்கமும் தலை. சுரங்கத்தில் வந்து நின்றதும் பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். அங்கேயே ஓரமாக ஓய்வறை ஒன்று உண்டு. மச்சான் அதிலிருந்து வந்து, பக்கத்துத் தண்டவாளத்தைத் தாண்டி, மறுமுனைக் கேபினில் ஏறுவார். ஏறியதும் மணி அடிப்பார். இரண்டு தடவை. ட்ர்ர்... ட்ர்ர். 'நான் வந்துட்டேன்' என்று அர்த்தம். சித்தப்பா பதிலுக்கு இரண்டு அடிப்பார். 'வண்டி உன்னுது, நான் இறங்கறேன்.' அந்தப் பதில் வராமல் மறுமுனையில் இருப்பவர் வண்டியைத் தொடக் கூடாது. விடிந்தாலும் சரி, காத்திருக்க வேண்டும். வருஷக்கணக்காகப் பழகிய கை அது. தூக்கத்தில் பக்கத்து வீட்டு மணி இரண்டு தடவை அடித்தால்கூடச் சித்தப்பாவின் விரல் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டும். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அப்புறம்தான் ஆளில்லா வண்டி வந்தது.

பாதை பழசு, சுரங்கம் பழசு. ஆனால் ஒரு நாள்கூட ஓட்டத்தை நிறுத்தமாட்டோம் என்று மேலிடம் வாக்குக் கொடுத்துவிட்டது. பகலெல்லாம் டிரைவர் வண்டி ஓடும். கூட்டம் குறைந்த பிறகு புது வண்டிகளை அதே பாதையில் விட்டுச் சோதிப்பார்கள். ஓடுகிற ஆளை நிறுத்தாமல் சட்டை மாற்றிவிடுவது போல.

ஒருநாள் ராத்திரி சித்தப்பா வண்டியைச் சுரங்கத்தில் நிறுத்திவிட்டு மணிக்காகக் காத்திருந்தார். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு புது வண்டி இருட்டாக நின்றது. உள்ளே ஆளில்லை. ஆளில்லாத வண்டி நகராது... டிரைவராக வேலை பார்த்த எவனுக்கும் அது ரத்தத்தில் ஊறிய விஷயம். இனிமேல் நகரும் என்று வகுப்பு எடுத்திருந்தார்கள்தான். காலுக்கு யார் வகுப்பு எடுப்பது? மச்சான் கழுத்தில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே அதன் குறுக்கே இறங்கிவிட்டார்.

புது வண்டி நகர்ந்ததில் சத்தமே இல்லை. ஒரு கண்ணாடிப் புட்டி சிமெண்டுத் தரையில் உருண்டது மட்டும் சித்தப்பாவுக்குக் கேட்டது. உருண்டு... உருண்டு... நின்றது. அவர் மணிக்காகக் காத்திருந்தார். வழக்கம்போல நிதானமாகக் காத்திருந்தார். தன்னுடைய அந்த நிதானத்தை அவர் கடைசிவரை மன்னிக்கவே இல்லை.

தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். காலை முதல் வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது. மச்சானின் சாவி மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

சில மாதத்தில் எல்லா வண்டியிலும் கேபினைப் பிய்த்துவிட்டு, முன்கண்ணாடியை ஒட்டி இருக்கை போட்டார்கள். மணி இருந்த ஓட்டையைத் தகடு வைத்து மூடினார்கள். டிரைவர்கள் உதவியாளர்கள் ஆனார்கள். வண்டிக்குள் நடப்பது, தூங்குகிறவரை எழுப்பிவிடுவது, அவ்வளவுதான் வேலை. சித்தப்பாவுக்குக் கடைசி வண்டியில் வேலை.

முதல் ராத்திரி. வண்டி சுரங்கத்தில் நின்றது. தைல வாசனை... மூக்கில் ஏறியது. தகட்டுக்குப் பின்னாலிருந்து, ட்ர்ர்... ட்ர்ர்.

சித்தப்பாவின் வலது கை தானாக எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். வண்டிக்கு இந்தப் பதிலெல்லாம் தேவையில்லையே. அது பாட்டுக்கு நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டது.

அடுத்த ராத்திரியும் அதே மணி. அதற்கடுத்த ராத்திரியும். கூட வேலை பார்ப்பவர்கள் தங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் சித்தியிடம் சொன்னார். அவள் பயப்படுவாள் என்று நினைத்தார். அவள் அழுதாள்.

"காத்துக்கிட்டு இருக்கான்ங்க. நீங்க பதில் குடுக்காம அவன் எப்படிப் போவான்? ரெண்டு தட்டு தட்டுறதுக்கு உங்களுக்கு என்ன?"

"பதில் குடுத்தா... என்ன அர்த்தம்னு... உனக்குத் தெரியாது."

"என்ன அர்த்தம்?"

"வண்டி அவனுது. நான் இறங்கணும்."

"இறங்கி வீட்டுக்கு வாங்க. அவ்வளவுதானே?"

அன்று ராத்திரி நடந்தது கேமராவில் இருக்கிறது. சித்தப்பா முன்கண்ணாடி அருகே நிற்கிறார். தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ கேட்கிறார். தகட்டில் இரண்டு தட்டுகிறார். முகத்தில் ஒரு நிம்மதி. டியூட்டி முடிந்தவர் மாதிரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவசரக் கதவைத் திறந்து இறங்குகிறார். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு காலி வண்டி இருட்டாக நிற்கிறது. அதன் முன்னால் குறுக்கே நடக்கிறார். அவசரமே இல்லை.

அந்தப் பக்கம் அவர் வெளியே வரவில்லை.

அந்தக் காலி வண்டி அன்றிரவு ஒரு அங்குலம்கூட நகரவில்லை என்று கண்ட்ரோல் ரூமில் அடித்துச் சொன்னார்கள். கல்லைப் புரட்டித் தேடினார்கள். ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. காலை முதல் வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

ஆனால் அதே ராத்திரி, அதே நேரம், வீட்டில் தைல வாசனை. சித்தப்பா வீட்டிலேயே தங்கிப் படித்த நம் கணக்கர் அப்போது கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். வாசனை வாசலில் இருந்து வந்து, அவரைத் தாண்டி, முகம் கழுவும் இடத்துக்குப் போனதாம். அவர் திரும்பிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால், ஆணியில், மச்சானின் சாவி ஆடிக்கொண்டிருந்தது. சித்தி ஓடிவந்தாள். சாவியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கதவைப் பார்த்தபடியே நின்றாள். விடியும்வரை நின்றாள்.

"நான்தான்டா அனுப்பினேன்" என்று அன்று சொல்ல ஆரம்பித்தவள், இன்னும் நிறுத்தவில்லை.

இப்போது சித்தி தினமும் கடைசி வண்டியில் போகிறாள். முன் இருக்கையில் உட்காருவாள். கடைசி ஸ்டேஷனில் இறங்க மாட்டாள். உதவியாளர்களுக்கு அவளைத் தெரியும், பாவம் என்று விட்டுவிடுகிறார்கள். சுரங்கத்தில் வண்டி நின்றதும் அவளுக்கு மட்டும் மணி கேட்கிறதாம். முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில்... நீங்கள் ஒரு டீ குடித்துவிடலாம். அவள் கை எழும். கணக்கர் தினமும் கூடவே போய், அந்த இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொள்வார். வண்டி வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் விடுவார்.

கதை இவ்வளவுதான்.

ஜன்னல் ஓரமாக இருந்தவர் கணக்கரிடம் கேட்டார்.

"அப்போ இன்னிக்கு உங்க சித்திகூட யாரு போயிருக்கா?"

போர்வை அசைந்தது. கணக்கர் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு முடியலை, போகலைன்னு சொன்னாங்க. நீ போய் உன் சிநேகிதங்களோட இருடான்னு... அவங்கதான் அனுப்பி வச்சாங்க."

சொல்லிவிட்டு அவரே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி வண்டி சுரங்கத்துக்குள் போய்த் திரும்பும் நேரம் தாண்டியிருந்தது. செல்போனை எடுத்து வீட்டு நம்பரைப் போட்டார். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் பொத்தான் அமுங்கிவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"சித்தி?"

ஒரு மூச்சு. ஈரத்தில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தவர் போல ஓர் இருமல். அப்புறம் ஒரு ஆண் குரல். அவசரமே இல்லாத குரல். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"சொல்லுப்பா... நான் இப்பதான் வந்தேன்... உங்க சித்தியைத்தான்... காணோம்."