பங்கரில் இடம் இருந்தது

ஓடுகிறார்கள். முள்ளிவாய்க்கால், 2009 மே. நாள் நினைவில்லை. வெயில் ஏறிவிட்டது. தூரத்தில் 'டும்' என்று ஒரு குத்து. பிறகு எறிகணைச் செல்லின் கூவல். கூவல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை நேரம் இருக்கிறது. நின்றால் இல்லை.

நாங்கள் பங்கர்க் குழிக்குள். நான், கணவர், மாமி, தங்கை சுபா. முழங்கால் நெஞ்சில் முட்ட இருக்கிறோம். சுற்றிவர மண்மூட்டைகள். சேலையில் தைத்தவை. பாதிச் சேலைகள் பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் இருந்த ரதி அக்காவுடையவை. அவரே கிழித்து, அவரே தைத்துத் தந்தார்.

இப்போது வாசலில் ரதி அக்கா. இடுப்பில் ஒரு மகள். கையில் ஒரு மகள்.

"இஞ்சை இடமில்லை! அங்காலை ஓடுங்கோ!"

கத்தியது நான்.

"பிள்ளையளையெண்டாலும் எடும்."

அவர் கத்தவில்லை. செல் சத்தத்தில் அது கேட்கவில்லை என்று பிறகு கணவரிடம் சொன்னேன். கேட்டது.

வலப்பக்கம் ஓடினார்கள். பத்தடி போயிருப்பார்கள். கூவல் நின்றது.

2011இல் பாரிஸ் வந்தோம். அகதி விண்ணப்பத்தில், இழந்தவர்கள் என்ற இடத்தில் மாமியை எழுதினேன். சுபாவை எழுதினேன். ரதி அக்காவை எழுதவில்லை. எழுதினால், அவர் ஏன் வெளியே நின்றார் என்று கேட்பார்கள்.

முள்ளிவாய்க்கால் முடிந்து பதினாறு வருடம். இங்கே பிறந்த என் மகள் மதுராவுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய வகுப்போடு துணைக்குப் போகிறேன். யூதர்களின் நினைவகம். இரண்டாம் உலகப்போரில் பிரான்சிலிருந்து ரயிலேற்றிக் கொல்ல அனுப்பப்பட்டவர்கள். கற்சுவர் முழுக்கப் பெயர், பிறந்த ஆண்டு. பெயர், பிறந்த ஆண்டு. சாகும்போது ஐந்து வயதுகூட ஆகாதவர்கள் இருக்கிறார்கள்.

வெளியே ஒடுங்கிய ஒழுங்கையில் இன்னொரு சுவர். யூதர்களை ஒளித்துக் காப்பாற்றியவர்களின் பெயர்கள். பிடிபட்டால் தங்கள் உயிருக்கும் ஆபத்து என்று தெரிந்தே கதவைத் திறந்தார்கள் என்றார் வழிகாட்டி. பிள்ளைகள் பார்க்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் என்றால் திறந்திருப்போமா என்று மதுரா பிரெஞ்சில் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

வகுப்பு கலைந்தது. லா சப்பல் வரை மெத்ரோ ரயிலில் போனோம். தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ காய் தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடை. சனம் நெருக்குகிறது. அங்கே சொன்னேன்.

"நான் பொய் சொன்னனான். அண்டைக்கு ஒரு பிள்ளையையெண்டாலும் மடியிலை வைச்சிருக்கலாம். பயத்திலை விடேல்லை."

முழுவதையும் சொன்னேன். மதுரா கோப்பையைத் தள்ளிவைத்தாள். என் கையைப் பிடிக்கவில்லை. பிடிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பிறகு தமிழில் கேட்டாள்.

"அவையின்ரை பேர் என்ன?"

அதனால் அன்று விண்ணப்பத்தில் எழுதியதைத் திருத்தி எழுதுகிறேன். இழந்தது ஒரு வீடு, ஒரு தறப்பாள், ஐந்து பேர். மாமி பரமேஸ்வரி, இரண்டு நாள் கழித்து, கடற்கரையில். தங்கை சுபா, இருபத்திரண்டு வயது, வட்டுவாகல் பாலத்துக்கு முன். ரதி அக்கா. அவரின் மூத்தவள் கவிதா, ஏழு வயதிருக்கும். இளையவளைக் குட்டி என்று கூப்பிட்டார்கள். மூன்று கிழமை பக்கத்தில் இருந்தோம். அவளின் பெயரை நான் கேட்கவில்லை.