அந்த நூத்தித் தொண்ணூறு யாரோடது?

...இல்லேம்மா வந்தனா, உள்ளே வந்து உக்காரவெல்லாம் நேரமில்லே. சரி, ஒரு நிமிஷம். நாலு மாடி ஏறி எறங்கி முட்டி போயாச்சு. லிஃப்ட் ரிப்பேர்காரன் பதினஞ்சு நாளா வந்துண்டே இருக்கான், செக்ரட்டரியைக் கேட்டா... அது கெடக்கட்டும். இந்த பி.பி. மெஷினை எந்த வேளையிலே வாங்கினேனோ!

தினம் கார்த்தாலே பார்த்து எழுதி வைங்கோ மாமின்னார் அனந்த் டாக்டர். எழுதலே. மெஷினுக்குள்ளயே எல்லாம் பதிஞ்சிருக்கே, நோட்டு எதுக்கு? இன்னிக்கு மெஷினையே தூக்கிண்டு போனேன். ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்தார், மூஞ்சியே மாறிடுத்து. நூத்தித் தொண்ணூறு, கீழே நூத்திப் பத்து! செவ்வா, புதன், வியாழன், மூணு நாளும் கார்த்தாலே அஞ்சரைக்கு. மாத்திரையை ரெட்டிப்பாக்கறேன்னு பேனாவை எடுத்துட்டார். அப்பறம்தான் ஞாபகம் வந்தது... அரே, அந்த மூணு நாளும் மெஷின் என்கிட்டயே இல்லையே!

கேட்டவாளுக்கெல்லாம் குடுத்தேன்மா, பக்கத்தாத்துக்குக் கறிவேப்பிலை குடுக்கறாப்ல. பில்டிங்ல பாதிப் பேரோட பிரஷர் அதுக்குள்ளே இருக்கு! டாக்டர் எனக்குத் தனியாப் பார்த்தார், நூத்தி இருபத்தாறு. எனக்குச் சிரிப்புத் தாங்கலே. வர்ற வழியிலே ரெண்டு எளநீர் குடிச்சேன்னா பார்த்துக்கோ.

டாக்டர் சிரிக்கலே. "யாரோ பயந்துண்டு வெளியே சொல்லாம இருக்கா மாமி. இன்னிக்கே கண்டுபிடிச்சு அழைச்சுண்டு வாங்கோ"ன்னுட்டார். சின்னப் பொண்ணு உனக்கு இருக்காது, உன்கிட்டேர்ந்து யாராவது வாங்கிருப்பான்னு மொதல்ல மூணாம் மாடி நுஸ்ரத்துக்குப் பார்த்தேன், நூத்தி இருபது. எதிராத்து ஜம்புவுக்கு நூத்தி முப்பத்தெட்டு, அதுக்கே அவன் ஆத்துக்காரி அழறா. பாக்கி நீதான். திங்கக்கிழமை மத்யானம் வாங்கிண்டியோல்லியோ? பயப்படாதே, சின்ன வயசுலயும் வர்றதுதான். காலைத் தரையிலே ஊணிக்கோ. கையை மேஜைமேல வை, நெஞ்சு உயரத்துக்கு. ஸ்லீவை ஏத்திக்கோ. அஞ்சு நிமிஷம் பேசப்படாது, பேசினா ஏறும். நீ பேசாதே, நான் பேசறேன்.

எங்காத்து மாமாவைப் பாரு, ஏக்தம் நிம்மதி, ஒரு கவலை கிடையாது. மெஷினைக் கண்டாலே கேலி. அதெல்லாம் கத்தறவாளுக்குடி, எனக்கெதுக்கும்பார். ரெண்டு துண்டு நாரத்தங்கா இல்லாம தயிர்சாதம் எறங்காது. அஞ்சு மணிக்கே எழுந்து பால் வாங்கப் போயிடுவார்... இரு, நம்பர் வந்துடுத்து. நூத்திப் பதினாறு. அட, உனக்கும் இல்லையா! அப்போ யாரும்மா? வியாழக்கிழமை வரைக்கும் உன்கிட்டதானே இருந்தது?

என்னது? திங்கக்கிழமை சாயந்தரமே குடுத்துட்டியா? நான் பஜனைக்குப் போயிருந்தப்போவா... யார் கையிலே?

மாமா கையிலயா? இல்லேம்மா. வியாழக்கிழமை ராத்திரி, வந்தனா இப்போதான் குடுத்தான்னு சொல்லித்தானே மேஜைமேல வெச்சார்.

மூணு நாள்... நான் தூங்கிண்டிருக்கறச்சே, தனியா உக்காந்துண்டு பார்த்திருக்கார். அந்த நம்பரைப் பார்த்துட்டு எழுந்து போய்ப் பாலும் வாங்கிண்டு வந்திருக்கார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! எங்கேர்ந்து சொல்லுவார்? நான் வாயை மூடினாத்தானே மனுஷனுக்குச் சொல்ல எடமிருக்கும்.

குடு அதை இப்படி. நீ கீழே போய் ஒரு ஆட்டோவை நிறுத்தி வை. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒருதரம் அவருக்கு நானே பார்க்கணும். அஞ்சு நிமிஷம் பக்கத்துல யாரும் பேசப்படாதாம். பேசலே. நீ வேணா பாரு, நான் பேசலே.